நாக்கடியில் பத்து நிமிடம்

“நான் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது” என்றாள் மனைவி. ஏலக்காரர் பெட்டிப் பாம்பாக அடங்கி உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க ஏலம் கூவிப் பிழைக்கிற மனிதர்தான்; ஆனால் இது நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிற நேரம்.

முதுகுவலிக்கென்று தின்ன ஆரம்பித்த மாத்திரை போதையாகி ஆளை ஆட்டிப்படைத்து, இந்தச் சிகிச்சை மையத்துக்கு வந்து ஒன்றரை வருடம். தினமும் காலை பத்து மணிக்கு உள்ளே போய், மாற்று மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காருவார். கரைகிறவரை பத்து நிமிடம் பேசக் கூடாது. பேசினால் மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இவர் குறுக்கே பேசியே ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்காத அம்மணிக்கு இது போதாதா? குழாய் ஒழுகுவது, நாத்தனார் குத்திப் பேசியது, இவர் போதையில் கிடந்தபோது பட்ட பயம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார். ஆரம்பத்தில் மாத்திரைக் கசப்பில் கோணிக்கொண்டே இருந்த முகம், இப்போதெல்லாம் கோணுவதே இல்லை.

அன்று டாக்டர் அந்தப் பக்கம் வர, மனைவி மறித்தாள்.

“டாக்டர், இந்த மாத்திரைய என்னிக்காவது ஒருநாள் அடியோட நிறுத்திடுவீங்களா?”

டாக்டர் ஏலக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

“நல்லதுதானேம்மா? மூளையில போதை உட்கார்ந்த நாற்காலியில இந்த மருந்து உட்கார்ந்துக்கும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா, மூளை சந்தோஷத்தத் தானாவே சுரக்கப் பழகிக்கும். அப்புறம் மாத்திரை எதுக்கு?”

“அவர் மூளை பழகிக்கும். என் மூளை? ஒன்பதரைக்கே எனக்குக் கை பரபரங்குது டாக்டர். இந்தப் பத்து நிமிஷமும் போச்சுன்னா நான் மறுபடி சுவத்துக்கிட்டதான் பேசணும். கும்பிட்டுக் கேக்கறேன், நிறுத்திடாதீங்க.”

பத்து நிமிடத்தில் இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. ஏலக்காரர் வாயைத் திறந்தார்.

“ஐயோ, பேசாதீங்க, மருந்து வீணாயிடும்” என்று பதறினாள் மனைவி.

“மருந்த நிறுத்தி ஒரு மாசமாச்சு. இது புதினா மிட்டாய். நீ மீதியச் சொல்லு.”