ஒரே ஒரு வெற்றிடம்

பழுகாமத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மர்சூக் சேர், பள்ளிக்கூடத்துக்கு வந்த கடிதத்தைச் சின்னத்தங்கத்தின் வீட்டு வாசலில் நின்று அவளிடம் நீட்டினார்.

"உங்கட மகள் வதனிக்கு மருத்துவம் கிடைச்சிருக்கு! அவ முதலாவதா எழுதின விருப்பமே. ரெண்டாம் சுற்றில நம்மட மாவட்டத்துக்கு ஒரே ஒரு வெற்றிடந்தான்."

சின்னத்தங்கம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எங்களுக்கு வேணாம் சேர்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளையைத் தூர விடப் பயமா?"

"இல்ல சேர்."

"அப்ப ஏன்? முதல் சுற்றில எடுபட்ட யாரோ போய்ப் பதியல்ல. அந்த இடந்தானே இது?"

உள்ளே வதனி விசும்பினாள்.

"பதியத்தான் பஸ் ஏறினவன் சேர். இவளோட ஒண்டாச் சோதினை எழுதின என்ட மூத்தவன். ஆமிட சென்றியில பஸ்ஸ மறிச்சு, இறக்கிப் பிடிச்சிட்டுப் போனவங்க இன்னும் விடல்ல. நாளைக்கு வந்து, 'என்ட இடம் எங்கம்மா?' எண்டு கேட்டா, தங்கச்சிக்குக் குடுத்திட்டமெண்டா சொல்ற?"