உசாத்துணையில் பிரசாந்தி

இரவுக் காவலுக்கு வந்து பல்கலைக்கழக நூலக வாசலில் நிற்கிறேன். மாலை வெயில் ஜெரிசனின் மடிக்கணினியில் விழுகிறது. நாளை அவன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். நூலகர் சுபாஜினி திரையில் உசாத்துணைப் பட்டியலில், அவன் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் வரிசையில், விரலை வைக்கிறார். "தம்பி, செல்வரட்ணம் தகப்பன்ரை பேர். கட்டுரை எழுதினது மகள் பிரசாந்தி." "ஐயோ மிஸ், எல்லா இடத்திலையும் தகப்பனைப் போட்டிட்டன்." "அந்த மனுசன் சுன்னாகத்திலை வெங்காயம் விக்கிறார். மாத்தும்." இருவரும் சிரிக்கிறார்கள். அவன் ஒவ்வொன்றாக அழித்து, பிரசாந்தி, பிரசாந்தி என்று வாய்விட்டுச் சொல்லியபடி அடிக்கிறான். முதல் வருடம் பிரசாந்தியும் நானும் வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தோம். இரண்டாம் வருடம் நான் படிப்பை விட்டேன். ஜெரிசன் என் பக்கம் திரும்புகிறான். "அண்ணை, நீங்களும் இஞ்சை படிச்சனீங்கள்தானே, இவவைத் தெரியுமோ?" "தெரியாது," என்று சொல்லி, பூட்டும் நேரம் வந்ததுபோல வாசலோரச் சுவிட்சைத் தட்டி, அவன் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியை நிறுத்துகிறேன்.