டிபன் மூடியில் ஆரத்தி

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டெல்லாவும் குமரவேலும் அவன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். குமரவேலின் அம்மா வடிவாம்பாள் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவே இல்லை.

"ஆரத்தி எடுக்காம என் வாசப்படிய யாரும் மிதிக்கக் கூடாது. எடுக்கறதுக்கு இங்க ஆளுமில்ல."

"அவ்வளவுதானா அத்தை?"

வேதியியல் டீச்சரான ஸ்டெல்லா, டிபன் பாக்ஸ் மூடியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். கைப்பையிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துக் கரைத்தாள். கூடவே கொண்டுவந்திருந்த டப்பாவிலிருந்து சுண்ணாம்பைச் சேர்த்ததும் தண்ணீர் சிவந்தது. பிறகு சாக்பீஸால் படியில் எழுதினாள்: மஞ்சள் + சுண்ணாம்பு → ஆரத்தி.

"நிறம் மாறினா வேதிவினை நடந்துடுச்சுன்னு அர்த்தம். எங்களுக்கும் நடந்துடுச்சு அத்தை."

"ஒரு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா பழையபடி மஞ்சளாயிடும்டி. நானும் பார்த்திருக்கேன்."

"பிழிங்க. என்கிட்ட சுண்ணாம்பு நிறைய இருக்கு."

குமரவேல் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான்.

வடிவாம்பாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் எலுமிச்சம்பழம் இருந்தது, மறு கையில் பித்தளைத் தாம்பாளம்.

"டிபன் மூடியிலயா ஆரத்தி எடுப்பாங்க?"

ஸ்டெல்லா மூடியை நீட்டினாள். சுண்ணாம்பு டப்பாவை மட்டும் இன்னும் மூடவில்லை.