வரிசையில் நின்ற பெட்டி

வரிசையில் என் மனைவி இல்லை. அவளுடைய நீலப் பெட்டி மட்டும் நின்றிருந்தது.

நேற்று சாப்பிடும்போதே சொல்லிவிட்டாள். கப்பல் சங்கும் டீசல் நாற்றமும் இனித் தன்னால் ஆகாது, விடிந்ததும் அக்கரையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதைப் பற்றி அங்கே போய்த்தான் யோசிக்க வேண்டும் என்று. கல்யாணமான கையோடு அவளை இந்தத் துறைமுகப் பகுதிக்குக் கூட்டி வந்தவன் நான். படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன் வேறு எங்கே வீடு பார்ப்பான்? கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கண் விழித்தால் அவளும் இல்லை, கட்டிலுக்கடியில் என் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் பெட்டியும் இல்லை.

கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமலே படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினார். நான் அவரிடம் எதுவும் கேட்கவே இல்லை. கித்தான் தைக்கிற டெய்லர், அக்கா இப்போதுதான் போனார்கள் என்றார். ஐஸ் உடைக்கிறவருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. இன்ஜினுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இவர்களில் பாதிப் பேர் புதுமுகம்.

தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு புறப்பட்டிருக்கிறாள்.

படகுத்துறையில் ஒரே கூட்டம். அக்கரைக்குப் போகிற படகு சங்கு ஊதிவிட்டது. கரையோரம் நீண்டிருந்த வரிசையில் ஆட்களைவிடச் சாமான்கள்தான் அதிகம். கூடை, வாளி, ஒற்றைச் செருப்பு, நடுவில் அந்தப் பெட்டி.

யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பெட்டி இல்லாமல் எப்படிப் போவாள்? பிடியைப் பற்றி ஒரே மூச்சில் தூக்கினேன்.

மல்லாக்க விழப் பார்த்தேன். அதில் கனமே இல்லை. திறந்து பார்த்தால் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

அதற்குள் ஓர் அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துவிட்டார். இது அக்கரைப் படகுக்கான வரிசை இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கரைக்கு வரும் மீன் படகுக்கு இடம் பிடிக்கிற வரிசையாம். போன வாரம் யாரோ ஒரு பெண்ணின் துணிப்பையைக் காலால் தள்ளியே கடைசிக்கு அனுப்பிவிட்டார்களாம். அவள்தான் இந்த வாரம் யாரும் காலால் தள்ளத் துணியாதபடி, பார்த்தால் கனமாகத் தெரிகிற பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம்.

வாராவாரம் வீட்டுக்கு மீன் எப்படி வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. ஞாயிறு என்றால் எனக்கு மதியம்தான் விடியும்.

பெட்டி இருந்த இடத்தில் ஒரு வாளி வந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் டீக்கடையிலிருந்து கிளாசும் கையுமாக வந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அந்த வாளியைப் பார்த்தாள்.

"யாரக் கேட்டு இத எடுத்தீங்க? இனிமே கடைசியிலதான் போய் நிக்கணும்."

அவளுக்குப் பின்னால் அக்கரைப் படகு கிளம்பியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து குனிந்து பெட்டியை மூடினேன்.

இருவரும் கடைசியில் போய் நின்றோம். எங்களுக்கு மீன் மிஞ்சுமா என்பதே சந்தேகம். அவள் எட்டி எட்டி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்ச டீயை என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த வாரம் உங்க பெட்டியையும் கொண்டாந்து வெச்சிடலாம்."