கப்பல் நேரம்

கப்பலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று ஜெரால்டிடமிருந்து செய்தி வரும் நாளெல்லாம், வீட்டில் பியூலாவும் தொட்டி விளக்கின் டைமரை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைப்பாள். ஊறுகாய் ஜாடி அளவுக் கடல்நீர்த் தொட்டி. உள்ளே ஒரு கல், கல்லின்மேல் உயிருள்ள ஒற்றைப் பவளம், விளக்கு எரிந்தால் பூப்போல விரியும். கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் கணவன் ஜெரால்ட் வைத்துக்கொடுத்தது. அவன் பிரேசிலை எட்டியபோது பவளம் இங்கே மாலை நாலு மணிக்கு விரிந்தது. அவன் எழுந்திருப்பான் என்று அப்போது அவள் நினைத்துக்கொள்வாள். பகலெல்லாம் தொட்டிமேல் கருப்புத் துணி கிடக்கும்.

எட்டு நாள் லீவில் வந்தவன், பெட்டியைக்கூடத் திறக்காமல், காலை பத்து மணிக்கு அந்தத் துணியை விலக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இப்ப ராத்திரி."

"நான்தான் இங்க வந்துட்டேனே."

"இதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மாத்தணும். திடீர்னு மாத்தினா சுருங்கிப்போயிரும்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்ப எத்தனை நாளாகும்?"

"ஒன்பது நாள்."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பகல் தூக்கத்துக்குப் பழகிய கண்கள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். அரை இருட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விமான நிலையத்தில் திருத்திய கைக்கடிகாரத்தை எட்டரை மணி நேரம் பின்னால் திருகினான்.