இடம் மாறிய வேர்

தணிகாசலத்தின் பின்னந்தலையிலிருந்து மருத்துவர் ஒரு வேரை முடியோடு எடுத்து, வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டார். மூன்றாவது வாரம் முடி தளர்ந்தது.

"நான் உதிரப்போகிறேன். நீ என்னோடு வந்துவிடாதே," என்றது முடி.

"நீ போனால், நானும் செத்துவிட்டதாக அவர் நினைப்பாரே," என்றது வேர்.

"நினைக்கட்டும். நீ பிடித்துக்கொண்டு இரு."

மறுநாள் தலை துவட்டிய துண்டோடு முடி போயிற்று. தணிகாசலம் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் வீண்" என்று முணுமுணுத்தார். வேருக்கு அது கேட்டது. இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது.

மூன்று மாதம் அது தோலுக்கடியில் தனியே கிடந்தது. நான்காம் மாதம் நூலிழைபோல் புது முடி ஒன்று வெளியே வந்தது.

"எனக்கு முன்னால் இங்கே யாராவது இருந்தார்களா?"

"இருந்தார்கள்," என்றது வேர். "நீ வளர்."

அப்போது விரலொன்று முடியைத் தொட்டது. தொட்ட விரலை எடுக்கத் தணிகாசலத்துக்கு மனம் வரவில்லை.