கை சொன்னதும் வாய் சொன்னதும்

தையல் கம்பெனி முதலாளி அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அறைக்குள் வந்து வணக்கம் சொன்னவளை விட்டுவிட்டு, அவள் வேலைக்காகக் கூட்டி வந்திருந்த, துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான திமிர் பிடித்த மனுஷன் என்று அவளுக்கு அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

மாஸ்டருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் அலுவலர் பயிற்சியில் இருந்த அவளுக்கு, அவர்தான் கடைசிப் பரீட்சை. யாராவது ஒருவரை வேலையில் அமர்த்திக் காட்டினால்தான் சான்றிதழ். கூடப் படித்தவர்கள் எல்லாரும் தேறிவிட, வகுப்பில் ‘வாயாடி’ என்று பேரெடுத்த இவள் மட்டும்தான் பாக்கி. மாஸ்டரின் நிலைமை அதைவிட மோசம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கையில் வேலை இல்லை.

“சார், அவர் சைகையில சொல்றதை நான்தான் உங்களுக்கு மாத்திச் சொல்லணும். அதுக்கும் மார்க் உண்டு,” என்றாள்.

“சொல்லுங்க, சொல்லுங்க. உங்க பரீட்சையை நான் ஏன் கெடுக்கணும்?” என்றார் முதலாளி. அப்போதும் அவள் பக்கம் திரும்பவில்லை. மாஸ்டரைப் பார்த்தே, “இடம் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. அவள் சைகையில் கேட்டதும் மாஸ்டர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையசைத்தார். ‘இந்த இரைச்சல்ல தலைவலி வராத ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.’

அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. மாஸ்டர் கையாட்டும் விதம் இவருக்கு வேடிக்கையாக இருக்கிறது போலும் என்று அவளுக்குச் சுருக்கென்றது. இப்படிப்பட்ட ஆளிடம் தமாஷ் வேறு ஒரு கேடா?

“ரொம்பப் பிடிச்சிருக்காம் சார்,” என்று முடித்துக்கொண்டாள்.

“முன்னாடி வேலை பாத்த இடத்தை ஏன் விட்டீங்க?”

மாஸ்டரின் முகம் மாறியது. விரல்கள் விறுவிறுவென்று ஓடின. ‘துணி வீணாப்போனதுக்கு சூப்பர்வைசர் என்மேல பழி போட்டார். கோபத்துல அவர் சட்டையைப் பிடிச்சிட்டேன். பழி பொய்தான், ஆனா சட்டையைப் பிடிச்சது என் தப்பு. ஒளிக்காம அப்படியே சொல்லு.’

சட்டையைப் பிடித்தவன் என்று தெரிந்தால் எந்த முதலாளி சேர்த்துக்கொள்வான்? ‘நீங்க குழாய் மாதிரி இருக்கணும். அந்தப் பக்கம் ஊத்தினது இந்தப் பக்கம் அப்படியே வரணும்’ என்று பயிற்சி மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மேடத்துக்கு என்ன, அவரா வீதி வீதியாக அலைந்து வேலை கேட்கிறார்?

“அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க சார்,” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மாஸ்டர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் அத்தனை நேரம் சொன்னதை இவள் எப்படி இவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்தாள் என்று அவருக்குச் சந்தேகம். ‘முழுசும் சொல்லிட்டியா?’ என்று கேட்டார்.

‘சொல்லிட்டேன் அண்ணா’ என்று கையைக் காட்டினாள். முதலாளியிடம் பொய் சொல்லும்போது வாய் கூசவில்லை. இப்போது கை கூசியது. நம்பி வந்த மனுஷனை அவருடைய பாஷையிலேயே ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது மாஸ்டர் முதலாளியைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ‘இந்தப் பொண்ணு இப்பதான் கத்துக்குது. ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. நல்ல பொண்ணு. மார்க்கைக் குறைச்சிடப் போறாங்க.’

இதை எந்த வாயால் சொல்வது?

“நல்லா உழைப்பேன்னு சொல்றார் சார்.” குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் முதலாளி முதன்முதலாக அவள் பக்கம் திரும்பினார். “நாளைலேருந்து வரச் சொல்லுங்க. கட்டிங் டேபிள் காலியாத்தான் இருக்கு,” என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதை மட்டும் ஓர் எழுத்துக்கூட விடாமல் சைகையில் சொன்னாள். மாஸ்டர் கண் கலங்கி, பொய் சொன்ன அதே கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கூனிக் குறுகிப் போனாள். பொய் சொன்னதால்தானே இவர் வீட்டில் அடுப்பு எரியப்போகிறது, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வேலை கொடுத்தவரிடம் காரணம் கேட்டு வர வேண்டும் என்பதும் பயிற்சியில் உண்டு. தன் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ் கிடைக்காதா என்ற நப்பாசையும் அவளுக்கு இருந்தது.

“அவரை எதுக்காக எடுத்தீங்கன்னு தெரிஞ்சா, எங்க மேடம்கிட்ட சொல்லுவேன் சார்.”

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாஸ்டருக்கும் புரியட்டும் என்பதுபோல், இந்தத் தடவை அவர் வாயோடு கைகளும் சேர்ந்து பேசின.

“எங்கம்மாவுக்கும் காது கேக்காதும்மா. சட்டையைப் பிடிச்சது தன் தப்புன்னு ஒளிக்காம சொன்னாரே, அதுக்காகத்தான் எடுத்தேன்.”